பீட்டாவுக்கும் மூலநிரல் உண்டு



வெளியீட்டுக்கு முந்தைய ஃபர்ம்வேரை வெளியாளிடம் கொடுக்கும்போது, "பீட்டாதானே, மூலநிரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் வழக்கம் நம் துறையில் ஊறிப்போயிருக்கிறது. ஜிபிஎல் உரிமத்தில் அதற்கு இடமில்லை. மாநாட்டின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவது என் கடமை.

லினக்ஸ் கெர்னலும் பிஸிபாக்ஸும் 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் இருப்பவை. அந்த உரிமம் பீட்டா, இறுதி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. விநியோகம் நடந்ததா என்று மட்டுமே பார்க்கிறது. நிறுவனத்துக்குள் பைனரி கைமாறினால் அது விநியோகமாகாது. வெளிச் சோதனையாளர் ஒரே ஒருவருக்குப் போனாலும் விநியோகம்தான்.

லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் கதையை இங்கே பலர் அறிவீர்கள். 2003இல் அதன் ஃபர்ம்வேரில் லினக்ஸ் இருப்பதை வெளியார் கண்டறிந்து மூலநிரல் கேட்டார்கள். லிங்க்சிஸை அந்த ஆண்டுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. சில்லு பிராட்காமுடையது, ஃபர்ம்வேர் வேலை தைவானில் நடந்தது. விற்பவர் கையில் பெட்டி இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்ற கணக்கு இல்லை. பல மாத இழுபறிக்குப் பிறகே மூலநிரல் வெளிவந்தது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரூட்டர் ஃபர்ம்வேர் அதிலிருந்து வளர்ந்தது. சில்லுக்காரர் முதல் மாதிரி ஃபர்ம்வேரைக் கொடுத்த அன்றே, "இதற்குரிய மூலநிரல் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தால் இந்த இழுபறிக்கே வேலை இருந்திருக்காது. அந்தக் கைமாற்றமும் விநியோகம்தானே!

மூலநிரல் தரும் கடமையைத் தீர்க்க உரிமம் தரும் வழிகளில் இரண்டு முக்கியம். மூலநிரலை பைனரியோடு சேர்த்தே தரலாம். அல்லது குறைந்தது மூன்றாண்டு செல்லுபடியாகும் எழுத்துமூல வாக்குறுதி தரலாம். வாக்குறுதி எளிது என்று பலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டாம் பதிப்பின்படி அந்த வாக்குறுதியைக் காட்டி எந்த மூன்றாம் நபரும் கேட்கலாம். வெளியீட்டுக்கு முன் பரவலைக் குறைக்க நினைப்பவருக்குச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பெற்றவருக்குத் தந்தால் போதும், ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டியதில்லை. அவர் மற்றவருக்குக் கொடுப்பதை மட்டும் தடுக்க முடியாது. ஆகவே வெளிவராத மாடலின் பெயர் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் இருந்தால், பில்ட் போடும் முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

எந்த மூலநிரல் என்பதிலும் கவனம் வேண்டும். வாரந்தோறும் புது பில்ட் போகிறது என்றால், வாரந்தோறும் அந்தந்த பில்டுக்குரிய மூலநிரல் போக வேண்டும்: கெர்னலின் கான்ஃபிக் கோப்பு, நாம் போட்ட பேட்ச்கள், தொகுத்து நிறுவும் ஸ்கிரிப்டுகள். கெர்னல் தளத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஏய்ப்பு.

ரகசியக் காப்பு ஒப்பந்தம்தான் எனக்குப் பெரிய கவலை. சோதனையாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பெற்றவரின் உரிமைகள்மேல் கூடுதல் கட்டுப்பாடு கூடாது என்கிறது இரண்டாம் பதிப்பின் ஆறாம் பிரிவு. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, நமக்காக மட்டுமே நம் மேற்பார்வையில் வேலை செய்யும் ஒப்பந்ததாரருக்கு வழிவிடுகிறது. பீட்டா பார்க்கும் வாடிக்கையாளர் அந்த வகையில் சேரமாட்டார். சாதனத்தின் தோற்றம், விலை, வெளியீட்டு நாள் ஆகியவற்றை ஒப்பந்தம் காக்கட்டும்; ஜிபிஎல் நிரலுக்கு அதில் தெளிவான விலக்கு எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் பதிப்பை மீறினால் உரிமம் தானாகவே போய்விடும். இவை ஏட்டளவு விதிகள் என்று நினைப்பவர்கள் 2004இல் ஜிபிஎல் மீறல் வழக்கில் மியூனிக் நீதிமன்றம் லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்டேவின் பக்கம் நின்று சைட்காம் நிறுவனத்துக்குத் தடை விதித்ததைப் படிக்கட்டும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அந்த விலக்கு வாசகம் எப்படி அமைய வேண்டும் என்பதைச் சட்ட வல்லுநர்களும் பொறியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து முதல் அமர்விலேயே எழுதித் தரக் கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.