லைற் போஸ்ற்றடியில் நின்றவர்கள்

(எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பழைய பாரிஸ் படங்களைப் பற்றிப் பத்து நிமிசம் கதைக்கச் சொல்லிக் கேட்டவை.

லா சப்பலில் மரக்கறி வாங்கிப்போட்டு ஃபோபூர் சன்-தெனி தெருவால் நேரே கீழே நடந்தால் சன்-தெனி வளைவு வரும். அதில் இடப்பக்கம் திரும்பினால் செபஸ்தபோல் சந்தி. பாரிசின் முதல் கலர் லைற் 1923 மே மாதம் அந்தச் சந்தியில்தான் வந்தது. கலர் எண்டாலும் சிவப்பு மட்டும்தான். பொலிஸ்காரர் கையால் இயக்குவார், கூடவே மணி அடிக்கும். பச்சையும் மஞ்சளும் பிறகு வந்தவை. 'நில்' எண்டதைத்தான் முதலில் சொல்லியிருக்கினம்.

எனக்கு முக்கியம் அதுக்கும் ஐம்பது அறுபது வருசம் முந்தின படங்கள். சார்ள்ஸ் மார்வில் 1862 இலிருந்து நகரத்தின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளர். ஓஸ்மான் ஏழைகளின் ஒழுங்கைகளை இடிச்சு அகல வீதி போட்ட காலம். இடிபடப்போற தெருக்களை மார்வில் 400 படத்துக்கு மேல் எடுத்தார். புதிசாய் நட்ட வாயு விளக்குக் கம்பங்களையும் தனித்தனியாக எடுத்தார், ஏறத்தாழ 90 படம். ஒவ்வொரு கம்பமும் படத்தின் நடுவில், ஊர்ப் பெரிய மனிசரை நிக்க வைச்சு எடுத்தமாதிரி. அந்தக் காலத்து ஈரத் தகட்டில் படம் பதியச் சில விநாடி வேணும். அசையாத கம்பம் துல்லியமாய் விழும். வேலைக்கு ஓடுற ஆள் புகைமாதிரித் தெரிவார், இல்லாட்டி தெரியவே மாட்டார்.

இந்த நகரத்துக்குத் தெருவிளக்கை ஒழுங்காகக் கொண்டுவந்தது லா ரெய்னி, 1667 இல். அவர் ஆர்? பாரிசின் முதல் பொலிஸ் தலைவர். அவரின்ர பதவியும் அதே வருசம்தான் உருவானது. அதனால்தான் 1830 ஜூலையில் எழும்பின சனம் விளக்குகளை அடிச்சு உடைச்சது. இருட்டுத் தெரு சனத்துக்குப் பழக்கம், பட்டாளத்துக்கு இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்க முந்தியே காலால் படிச்சனான். காட் கிடைக்காத காலம். ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவி முடிய கடைசி மெத்ரோ போயிடும். அறைக்கு நடக்கவேணும். இந்த அழகான கம்பங்களின்ர வெளிச்ச வட்டத்துக்குள் கால் வைக்காமல் சுவரோட சுவராய் நடப்பம். சுற்றுலாக்காரர் அதே கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுப் படம் எடுப்பினம்.

இனிச் சொல்லப்போறது கொஞ்சம் கஷ்டம்.

1789 ஜூலை 22, இப்ப நகரசபைக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தில், ஃபூலோன் எண்ட மந்திரியைச் சனம் விளக்குக் கொம்பில் தூக்கினது. பசிச்சால் புல்லைத் தின்னட்டும் எண்டு அவர் சொன்னதாய் ஊரெல்லாம் கதை. இருபது வயதில் இதை வாசிச்சு, சரியான தீர்ப்பு எண்டு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டவன் நான்.

எங்கட ஊர்ச் சந்தியின் படம் ஒண்டு என்னட்டை இருக்கு. எழுபதுகளில், ஒரு கலியாண வீட்டுக்காக எடுத்தது. சோடிச்ச கார், பின்னால் ஒரு லைற் போஸ்ற். கனகாலம் அந்தக் காரைத்தான் பார்த்தனான். 86 இல் அதே போஸ்ற்றில் ஒரு பொடியனைக் கட்டிச் சுட்டாங்கள். கழுத்தில் மட்டை. களவெடுத்தவன் எண்டு எழுதியிருந்தது. கூலிவேலை செய்து சீவிச்ச குடும்பம். விசாரணை எண்டு ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் விடியப் போய்ப் பார்த்திட்டு ரியூசனுக்குப் போனம். ஏன் எண்டு கேட்கேல்லை. அந்த வருசங்களில் 'துரோகி', 'கள்ளன்' எண்ட மட்டையோட எத்தனை போஸ்ற்றடியில் எத்தனை பேர் நிண்டவை எண்டு இங்க இருக்கிற கனபேருக்குத் தெரியும்.

ஃபூலோன் மந்திரி. இவன் ஆர்? பென்சில் கோட்டை நான் இன்னும் அழிக்கேல்லை, ஆனால் அந்தப் பக்கத்தை முந்தினமாதிரி வாசிக்க முடியேல்லை.

உங்கட அல்பங்களிலும் ஊர்ச் சந்திப் படங்கள் இருக்கும். அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாங்கோ. காருக்கும் கோயில் தேருக்கும் பின்னால் நிக்கிற போஸ்ற் எந்தப் போஸ்ற், அதில் ஆரைக் கட்டினவை, பேர் ஞாபகம் இருக்கிறவை படத்தின்ர பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ.