மாடிப் பசுமைக்குடில்: முதலில் காற்று, பிறகு கணினி
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நம் மொட்டை மாடியில் கணினி இயக்கும் பசுமைக்குடில் அமைக்கப் பொதுநிதி கேட்டிருக்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் குடில்கள் பலவற்றில், சூடான காற்று கூரை உச்சித் திறப்பு வழியே வெளியேறும். பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றினால் வெளிக்காற்று உள்ளே வரும். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

கணினி செய்வது கணக்குப்பிள்ளை வேலை. சென்சார் காட்டும் வெப்பம், ஈரப்பதம் பார்த்து ஜன்னலைத் திறக்கும், விசிறியை ஓட்டும். மழையோ பலத்த காற்றோ வந்தால் மூடும். இல்லாத ஜன்னலை அதனால் திறக்க முடியாது.

விசிறியை மட்டும் நம்பினால், சித்திரை வெயிலில் கரண்ட் போன சற்று நேரத்தில் செடிகள் வெந்துவிடும். காற்றோட்டமின்றி ஈரம் தங்கினாலோ பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே திறப்புகளுக்கு முதலில் பணம் ஒதுக்குவோம், மிச்சமிருந்தால் கணினி.