எதிரே நின்றவரின் பாட்டு



வன்னி மக்களுக்குக் காத்தவராயன் கூத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாரியம்மன் வழிபாட்டோடு ஒட்டிய சிந்துநடைக் கூத்து அது. பொழுதுபட்ட பின் தொடங்கினால், காத்தான் கழுமரம் ஏற விடியப்புறமாகிவிடும். அத்தனை பாட்டையும் ஒருவரே பாடமாக்கி ஆடுவது அரிது. ஆதலால் காத்தான் வேடத்தை ஆதிக்காத்தான், பின்காத்தான் என்று பலர் பங்கிட்டுக் கொள்வர்.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலம். முள்ளியவளைப் பக்கத்துக் கிராமமொன்றில் எனக்குப் பின்காத்தான் வேடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன் என்ற செருக்கு எனக்கு. அண்ணாவியாரின் பழைய கொப்பியிலிருந்து என் பாட்டுகளை மட்டும் பார்த்தெழுதினேன். கொச்சை என்று பட்ட சொற்களை எழுதும்போதே திருத்தினேன். ஒரு கிழமையில் எல்லாம் பாடம்.

ஒத்திகையில் மூன்றாம் அடியிலேயே கால் இடறியது. நான் திருத்திய சொல்லில் ஓரசை கூடியிருந்தது. தாளம் அதை ஏற்கவில்லை. அண்ணாவியார் கோபிக்கவில்லை.

"தம்பி, இது கண்ணாலை பாடமாக்கிற காரியமில்லை, காலாலை பாடமாக்கிறது. கொப்பியை வைச்சிட்டு நடவும்" என்றார்.

நடந்தேன். நான் ஓரடி பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடினர். அந்த இடைவெளியில் அடுத்த அடி நினைவுக்கு வந்தது. எதிரே நின்ற மாரியின் கடைசிச் சொல், என் முதற் சொல்லை இழுத்து வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கும் முழு நாடகத்தை எழுதிக் கொடுப்பதில்லை. அவருடைய பேச்சும், அதற்கு முன் மற்றவர் சொல்லி முடிக்கும் சில சொற்களுமே அவர் தாளில் இருக்கும்.

2009இல் இடம்பெயர்ந்தபோது கொப்பி போயிற்று. அண்ணாவியாரும் போனார். மாரி வேடம் கட்டிய நண்பன் என்ன ஆனான் என்பது இன்றுவரை தெரியாது. செட்டிகுளம் முகாமில் ஓரிரவு, கூடாரத்துக்கு வெளியே நின்று மெல்லப் பாடிப் பார்த்தேன். என் பங்கு பிசகாமல் வந்தது. மாரி பாடவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். அவன் பங்கை நான் பாடமாக்கியிருக்கவில்லை.

காத்தவராயன் கூத்து அச்சிலும் உண்டு. வேறு ஊர்களிலும் ஆடுகிறார்கள். ஆனால் எங்களூர் மெட்டும், நான் கொச்சையென்று திருத்திய சொற்களும் அவற்றில் இல்லை.

இன்று என் மாணவர் நாடகம் பழகும்போது, எதிரே நிற்பவரின் பங்கையும் பாடமாக்கச் சொல்கிறேன். "ஏன் சேர், இரட்டை வேலை?" என்று கேட்பார்கள். மேடையில் மற்றவர் மறந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்பேன். மிச்சத்தைச் சொல்வதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டில் கூத்தாடிய பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். அவருக்கு எதிரே நின்றவர் என்ன பாடினார் என்றும் கேளுங்கள். எதையும் திருத்தாமல் எழுதுங்கள்.