அழகைச் சொல்லும் சொற்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சொல்லாராய்ச்சி புலவர்க்கே உரியது என்று எண்ணுவார் உளர். அஃது அவ்வாறன்று என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். 2018ஆம் ஆண்டில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் மலர்ந்தது. காணச் சென்றோருள் ஒரு சிறுமியும் அவள் பாட்டியாரும் இருந்தனர். பாட்டியார் கொழுந்து பறித்துக் கை காய்த்தவர். பள்ளி வாயிலை மிதித்தறியாதவர். "பூ எப்படி இருக்கிறதம்மா?" என்று சிறுமியைக் கேட்டேன். "நைஸ்" என்றாள். பாட்டியாரோ மலையை நெடுநேரம் நோக்கியிருந்து, "மலைக்கு மறுபடி வயசு வந்திருக்கு, வாத்தியாரய்யா" என்றார்.

சிறுமி சொன்ன சொல்லின் பிறப்பைப் பாருங்கள். 'அறியாதவன்' என்னும் பொருளுடைய 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து 'நைஸ்' ஆயிற்று. முதலில் பேதையைக் குறித்த சொல், காலப்போக்கில் பொருள் திரிந்து இனியதைக் குறிக்கலாயிற்று. 'பிரெட்டி' என்பது பழைய ஆங்கிலத்தில் தந்திரமுடையதைக் குறித்தது. 'எலிகன்ட்' என்பதன் அடி, தேர்ந்தெடுத்தல். 'ஆர்ட்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல் கைத்திறனைக் குறிப்பது. அதன் வேர், பொருத்துதல் என்னும் கருத்துடையது. 'ஈஸ்தெடிக்ஸ்' என்னும் அழகியற்பெயர், புலனுணர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று செருமானிய அறிஞர் பாம்கார்ட்டன் 1735இல் ஆக்கியது. 'கிளாமர்' என்பதோ இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்பதன் இசுக்காத்லாந்துத் திரிபு! கற்றவர் மந்திரமும் அறிவர் என்று மக்கள் நம்பிய காலத்தில், கண்ணைக் கட்டும் மாயத்திற்கு அது பெயராயிற்று.

இவற்றை எள்ளுதற்காக நான் கூறவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு மக்களினம் அழகை நோக்கிய பார்வையைக் காட்டும் பலகணி. நம் வீட்டுப் பலகணிகளையும் திறந்து பார்ப்போம். 'முருகு' என்பது இளமை, மணம், தெய்வத்தன்மை, அழகு என்னும் நான்கையும் ஒருங்கே தரும். திரு. வி. க. 1925இல் 'முருகன் அல்லது அழகு' என்று தம் நூலுக்குப் பெயரிட்டது இக்கருத்துப் பற்றியே. 'எழில்' மேன்மேல் வளரும் அழகு. 'அணங்கு' வருத்தும் அழகு. காமத்துப்பாலின் முதல் அதிகாரம் 'தகையணங்குறுத்தல்' என்றே பெயர் பெற்றது. தொல்காப்பியர் செய்யுளுக்கு எட்டு வனப்புகள் கூறி, 'அழகு' என்பதனை அவற்றுள் ஒன்றாக வைத்தார். 'சந்தம்' என்பதை நாம் பெரும்பாலும் செய்யுளோசைக்கே வழங்குகின்றோம். நம் அண்டையிலுள்ள மலையாள மக்களோ நாள்தோறும் அதனை அழகு என்னும் பொருளில் வழங்குகின்றனர். நம் அகராதிகளிலும் அப்பொருள் உண்டு. நாம் பரணில் போட்டது அவர்தம் முற்றத்தில் விளக்காய் எரிகின்றது!

இப்பொழுது பாட்டியாரின் சொல்லை மீண்டும் எண்ணுங்கள். இளமையையும் அழகையும் ஒன்றாகக் கண்ட அவர், 'முருகு' என்னும் சொல்லை அறியாமலே அதன் பொருளை மொழிந்துவிட்டார். அப்பார்வை பேர்த்தியைச் சேரவில்லை. குற்றம் ஆங்கிலத்தினுடையதன்று, குழந்தையினுடையதுமன்று. பூவுக்கும், புடைவைக்கும், பொங்கலுக்கும் ஒரே சொல் போதும் என்று வாளா இருந்த நம்முடையதே.

அன்பர்களே! மலையாளமும் ஆங்கிலமும் நம் மக்கள் நன்கு கற்கட்டும். ஆயினும் இரவு உணவின்போது நாளுக்கொரு தமிழ்ச்சொல்லைப் பெற்றோர் அவர்க்கு ஈயுங்கள். பாட்டியர் பேசும்போது குறித்துவைக்கச் சொல்லுங்கள். குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கின்றனர். அன்று அச்சிறுமி வளர்ந்து மலைமுன் நிற்பாள். அவள் வாயில் என்ன சொல் பிறக்கும் என்பது, இன்று நாம் செய்வதைப் பொறுத்தது.