வீட்டுக்காரர் போன பிறகு வீட்டுக் கணக்கு

(நெட்டப்பாக்கம் கொம்யூன் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்குப் பேசப் போற விஷயம் கொஞ்சம் கசப்பானது. "நாலு பேர் கூடியிருக்கிற இடத்துல சாவைப் பத்திப் பேசுறாங்களே" என்று நினைக்காதீங்க. மடுகரை, ஏம்பலம், கரியமாணிக்கம் என்று எந்த ஊருக்குப் போனாலும், கணவரை இழந்த சகோதரிகள் சொல்வது ஒன்றுதான். "எல்லாத்தையும் அவரே பார்த்துக்கிட்டார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள்.

குழுவின் தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர் எல்லாம் நீங்கதான் எழுதுறீங்க. யார் எத்தனை தவணை பாக்கி என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்றீங்க. ஆனால் உங்க வீட்டுக்காரர் எந்த வங்கியில் கடன் வாங்கியிருக்கார், உங்க நகை யார் பேரில் அடகு இருக்கு என்று கேட்டால் பாதிப் பேர் தலை குனியுறீங்க. குழுவுக்கு எழுதுகிற கணக்கை வீட்டுக்கும் எழுதணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதல் வேலை: இறப்புப் பதிவு

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யணும். வீட்டில் இறந்தால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் குடும்பத்தார்தான் தெரிவிக்கணும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவங்களே தெரிவிப்பாங்க. ஆனால் பதிவு எங்கே நடக்கும் தெரியுமா? சாவு நடந்த இடத்தில்தான். ஜிப்மரில் இறந்தவருக்கு உழவர்கரை நகராட்சியில் போய்ச் சான்றிதழ் வாங்கணும், நெட்டப்பாக்கத்தில் கிடைக்காது. 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்டிரேட் உத்தரவு என்று அலைச்சல் கூடிக்கிட்டே போகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். துக்கத்தில் இருக்கிற பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் காகிதமெல்லாம் யாரோ ஒரு உறவுக்காரர் கைக்குப் போயிடுது. திரும்பி வருமா வராதா தெரியாது. வெளியே போக முடியாத சகோதரிக்காகக் குழுவிலிருந்து இரண்டு பேர், அந்த வீட்டுப் பையனையோ பெண்ணையோ கூட்டிக்கிட்டுப் போங்க. சான்றிதழில் பெயர், அப்பா பெயர் எழுத்து ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இருப்பது போலவே இருக்கா என்று அங்கேயே பாருங்க. பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்க. அசலை யாரிடமும் கொடுக்காதீங்க.

பில்கள்

ஆள் போனாலும் பில் நிற்காது. மின்துறை பில், வீட்டு வரி, கேஸ் எல்லாம் அவர் பேரிலேயே வரும். பேர் மாத்தலைன்னா உடனே கரண்ட் கட் ஆகாது, பணம் கட்டலைன்னாதான் கட் ஆகும். அதனால் முதலில் பில்லைக் கட்டுங்க, ரசீதைக் கோர்த்து வையுங்க. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கைக்கு வந்த பிறகு பேர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்க. வாரிசுச் சான்றுக்கு வருவாய்த் துறையில் விண்ணப்பிக்கணும். நம்ம கொம்யூன் பாகூர் வட்டத்தில் வருது. ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். வரி ரசீதிலோ கரண்ட் பில்லிலோ ஒருத்தர் பேர் ஏறிட்டதால் மட்டும் வீடு அவருக்குச் சொந்தமாகிடாது. மைத்துனர் பேரில் பில் மாறினாலும் உங்க பங்கு போகாது.

அவருடைய போன் சிம்மைத் தூக்கிப் போடாதீங்க. கொஞ்ச நாளைக்கு ரீசார்ஜ் பண்ணி வையுங்க. எந்தத் தவணை, எந்த இன்சூரன்ஸ் என்கிற செய்தியெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆனால் யாராவது போன் பண்ணி ரகசிய எண் கேட்டால் சொல்லாதீங்க.

வங்கி

அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீங்க. "நம்ம பணம்தானே" என்று தோணும். ஆனால் அவர் இறந்த நிமிஷத்திலிருந்து அது எல்லா வாரிசுகளுக்கும் உள்ள பணம். நாளைக்கு ஒருத்தர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இறப்புச் சான்றோடு வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்க. நாமினி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டு வந்த விதிப்படி, வாரிசுகளுக்குள் தகராறு இல்லாத பட்சத்தில் 15 லட்சம் ரூபாய் வரை (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம்) கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லாமல் தரணும். காகிதமெல்லாம் சரியாக் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்கணும். கொடுத்த மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கேட்டு வாங்குங்க.

வங்கிப் பணத்துக்கு நாமினி என்றால் வாங்கிக் கொடுக்கிறவர்தான், முழுச் சொந்தக்காரர் இல்லை. இன்சூரன்ஸ் நாமினி பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1983-இலேயே உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிதான் சொன்னது. பிறகு 2015-இல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் இன்சூரன்ஸ் தொகை அவங்களுக்கே என்று ஆக்கினாங்க. வங்கிக் கணக்குக்கு அந்தத் திருத்தம் கிடையாது.

பாஸ்புக்கை என்ட்ரி போட்டு மே மாதக் கடைசியைப் பாருங்க. 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா பீமா. விபத்தில் இறந்தால் 2 லட்சம், அதற்கு போலீஸ் காகிதமும் வேணும். கேட்காதவங்களுக்கு யாரும் வீடு தேடி வந்து தர மாட்டாங்க.

நகைக் கடன் ரசீதையும் தேடுங்க. உங்க தாலிக்கொடி, உங்க தோடு, ஆனால் ரசீது அவர் பேரில். வட்டி ஏறி ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி வங்கியில் தகவல் சொல்லி, வட்டியையாவது கட்டி நிறுத்துங்க.

கடன்காரர்கள்

காரியம் முடியறதுக்குள்ள புரோ நோட்டோடு சிலர் வந்து நிற்பாங்க. "நீ ஒரு கையெழுத்துப் போடு, மெதுவாக் கட்டு" என்பாங்க. கையெழுத்துப் போடாதீங்க. இறந்தவர் வாங்கிய கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்துதான் பொறுப்பு. 80,000 கடன், விட்டுப் போனது 30,000 என்றால் அந்த 30,000 வரைதான் கேட்க முடியும். உங்க கூலியையோ, உங்க பேரில் இருக்கிற குழுச் சேமிப்பையோ கேட்க முடியாது. நீங்க புது நோட்டில் கையெழுத்துப் போட்டால் அது உங்க கடன் ஆயிடும்.

அதே நேரம் நியாயமும் பேசணும். நீங்க ஜாமீன் போட்டிருந்தால், கூட்டாக வாங்கியிருந்தால், அது உங்களையும் சேரும். குழுவில் உங்க பேரில் கடன் வாங்கி அவர் செலவு செய்திருந்தாலும் குழுவுக்கு நீங்கதான் கட்டணும். வருகிறவர்களிடம் அசல் நோட்டைக் காட்டச் சொல்லுங்க. தேதி, தொகை, சாட்சி எழுதி வையுங்க. "குழுவில் கலந்து சொல்றோம்" என்று அனுப்புங்க. அப்போது பக்கத்தில் இரண்டு உறுப்பினர் இருக்கணும்.

யாருக்குப் பங்கு

அவர் பேரில் உள்ள சொத்துக்கு உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் அம்மா எல்லோருக்கும் சமபங்கு. ஒரு மகன், ஒரு மகள், மாமியார், நீங்க என்றால் நாலு பங்கு. கல்யாணமான மகளுக்கும் உண்டு. மாமியாரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது, உங்களையும் அனுப்ப முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. விடுதலைப் பத்திரம் என்று எதை நீட்டினாலும், முழுக்கப் படித்துக் கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

ரேஷன் கார்டில் பேர் நீக்கும்போது குடும்பத் தலைவியாக உங்க பேரைப் போடச் சொல்லுங்க. விதவை உதவித்தொகைக்கு மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் மனு கொடுக்கணும். அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் விவரம் சொல்வாங்க.

இப்பவே செய்ய வேண்டியது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்க. வங்கிக் கணக்கு, நாமினி யார், கடன், அடகு, இன்சூரன்ஸ், கரண்ட் இணைப்பு எண், பட்டாவும் பத்திரமும் எந்தப் பெட்டியில், யாருக்குக் கொடுத்த கைமாத்து, இவ்வளவையும் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்க. "என்னைச் சாகடிக்கப் பார்க்கிறியா" என்று அவர் கோபப்பட்டால், முதல் பக்கத்தில் உங்க கணக்கை எழுதிக் காட்டுங்க. நமக்கும்தான் எது வேணும்னாலும் நடக்கலாம். நாம போனால் குழுக் கடன் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாதே.

அடுத்த மாதக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் நோட்டு எழுதியாச்சு என்று தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்க. எழுதத் தெரியாத சகோதரிக்கு எழுதத் தெரிந்தவர் உதவி செய்யணும். நானும் வந்து பார்க்கிறேன்.