கணக்கு யார் கையில்?

(கீழப்பழுவூர் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம்ம தெருவில் பல வீடுகளுக்குள் முதல் கணிப்பொறி நுழைந்தது அப்படித்தான். இன்றைக்குக் கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒன்று வாங்கித் தருகிறார்கள். பொருள் கைக்கு வந்துவிட்டது. அதன்மேல் அதிகாரம் வந்ததா என்பதே என் கேள்வி.

பொருள் ஒருவன் கையிலும் கணக்கு இன்னொருவன் கையிலும் இருந்தால் என்ன ஆகும்? பஞ்சமி நிலத்தைக் கேளுங்கள். 1892-இல் வெள்ளை அரசு ஒதுக்கிய நிலம். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. ஆனால் ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில். நிலம் போன இடத்தை இன்னும் தேடுகிறோம். காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

இப்போது பள்ளியும் கல்லூரியும் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்குத் தருகின்றன. வகுப்புக்கு அது வேண்டும். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை. அதன் கடவுச்சொல்லை நிர்வாகி மாற்றலாம். கணக்கை முடக்கலாம், அழிக்கலாம். அதிலுள்ள கடிதங்களையும் கோப்புகளையும் பார்க்கும் வழியும் அவரிடம் உண்டு.

இது கணக்கோடு நின்றால் பரவாயில்லை. விண்டோஸில் அந்தக் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு பெட்டி வரும்: 'என் சாதனத்தை நிறுவனம் நிர்வகிக்க அனுமதிக்கிறேன்'. பல நேரம் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். நாம 'ஓகே' அமுக்கிட்டுப் போயிடுறோம். வங்கியில் தினம் பார்க்கிறேன், படிக்காமலே கையெழுத்துப் போடுகிற சனத்தை. இதுவும் கையெழுத்துதான். நிறுவனம் அப்படி ஏற்பாடு செய்திருந்தால், உங்கள் சொந்த மெஷினில் அதன் விதிகள் வந்து உட்காரும்.

கண்காணிப்பு கற்பனை இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம், மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா வழியே அவர்கள் வீட்டுக்குள்ளேயே படமெடுத்தது. 2010-இல் வழக்கு வந்து, 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அது பள்ளியின் மெஷின். நம்ம மெஷினை நாமே ஏன் திறந்து கொடுக்கணும்?

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி. நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அதற்கு முன்னால் போனது ஒரு மொட்டைக் கடிதம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் ஜூனில் திருப்பிக் கொடுத்தது. உங்கள் துண்டறிக்கை, உறுப்பினர் பட்டியல், விடுதிச் சாதிக் கொடுமை பற்றிய புகாரின் நகல் எல்லாம் யாரை எதிர்த்து எழுதினீர்களோ அவர்கள் கணக்கிலேயே கிடந்தால்? வட்டத்தைத் தடை செய்யவே வேண்டாம், கணக்கை மூடினால் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. புது மெஷினை முதன்முதல் இயக்கும்போது சொந்தக் கணக்கில் தொடங்குங்கள். கல்லூரிக் கணக்கில் வேண்டாம். அப்படித் தொடங்கினால், பூட்டிய வட்டைத் திறக்கும் மீட்புச் சாவி கல்லூரியிடம் போய்ச் சேரலாம். படிப்பு முடிந்து கணக்கு மூடினால் சாவியும் போச்சு. அந்தப் பெட்டி வந்தால் டிக்கை எடுத்துவிட்டு, 'இந்தச் செயலியில் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், படித்துப் பார்த்து அமுக்குங்கள். உலாவியில் கல்லூரிக்குத் தனி சுயவிவரம் வையுங்கள். போனில் நிர்வாகி உரிமை கேட்டால் மறுத்துவிட்டு, உலாவி வழியே மின்னஞ்சல் பாருங்கள். உதவித்தொகை விண்ணப்பத்துக்குச் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். இயக்கத்தின் தாள் எதையும் கல்லூரிக் கணக்கில் வைக்காதீர்கள்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தீர்ப்பு மட்டும் வந்து டிக்கை எடுத்துவிடாது. மெஷின் கொண்டுவந்தவர்கள் இருங்கள். அமைப்புகளில் 'வேலை அல்லது பள்ளி அணுகல்' பக்கத்தை இப்போதே திறந்து, என்ன சேர்ந்திருக்கிறதென்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜெய்பீம்.