ஒலியை வரைந்த அம்மையார்



வானொலிப் பெட்டியைத் திருப்பியவுடன் இசை பொழிகிறது. பாடியவர் யார், இசை அமைத்தவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுகிறார். ஆனால், அந்த இசையை ஒலிவாங்கியிலிருந்து நம் செவிவரை பழுதின்றிக் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து விசைகளைத் திருப்பிக்கொண்டிருக்கும் அவருக்கும் ஓர் இசையுள்ளம் இருக்கக்கூடும் அல்லவா? அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி. பெயர் டாப்னி ஓரம்.

‘ஓரம்’ என்பது அவருடைய குடும்பப் பெயர். தமிழ்ச் செவிக்கு அது வேறொரு பொருளையும் தருகிறது. அந்தப் பொருளுக்கு ஏற்பவே, இசை வரலாறும் அவரை நெடுங்காலம் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது.

1925-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பிறந்த அவருக்கு, இலண்டன் இராயல் இசைக் கல்லூரியில் பயில இடம் கிடைத்தது. அதை வேண்டாமென்று விடுத்து, பி.பி.சி. வானொலியில் பணிக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்கோ இருபது வயதுகூட நிரம்பவில்லை. கச்சேரியில் பல ஒலிவாங்கிகள் வழியே வரும் ஓசைகளை அளவறிந்து இணைப்பது அவர் வேலை. மற்றொரு பொறுப்பும் இருந்தது. மேடையில் இசை நிகழும்போதே, அதே இசையின் ஒலித்தட்டையும் அவர் இணையாகச் சுழலவிட வேண்டும். பகைவரின் குண்டுவீச்சால் கச்சேரி தடைப்பட்டாலும், ஒலிபரப்பு தடைப்படலாகாது என்பதற்கான ஏற்பாடு அது. உயிருள்ள இசையும் பதிவான இசையும் அருகருகே ஓடுவதை நாள்தோறும் கேட்ட அந்த இளம்பெண்ணின் உள்ளத்தில், இவ்விரண்டையும் ஒரே இசையாக இணைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

1949-இல், தம் 23-ஆம் வயதில், ‘ஸ்டில் பாயிண்ட்’ என்னும் இசைப் படைப்பை அவர் எழுதி முடித்தார். இரண்டு வாத்தியக் குழுக்கள், ஐந்து ஒலிவாங்கிகள், ஒலித்தட்டுக் கருவிகள் ஆகியவை அதற்கு வேண்டியிருந்தன. மேடையில் வாசிக்கும் இசையோடு, முன்பே பதிந்த இசை மின்கருவிகளால் உருமாறி வந்து கலக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அன்று அதைப் புரிந்துகொள்வாரில்லை. பி.பி.சி. அதை ஏற்கவில்லை. ஏடு பெட்டிக்குள் போயிற்று.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. பகலெல்லாம் பணி முடித்து, இரவில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு ஆய்வு செய்தார். ஒலிப்பதிவு நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால், சுருதி ஒரு ஸ்தாயி உயரும். நாடாவைத் திருப்பி ஓட்டினால், ஓசை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரும். வெட்டி ஒட்டினால், உலகில் எந்த வாத்தியமும் எழுப்பாத ஒலி வரிசை பிறக்கும். மின்னணு இசையின் அரிச்சுவடி இதுதான். இத்தகைய சோதனைக்கென்று தனிக்கூடம் வேண்டுமென்று அவர் இடைவிடாது வற்புறுத்தினார். 1958-இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பவரோடு இணைந்து, ‘ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்’ என்னும் ஒலிப் பட்டறையை பி.பி.சி.யில் நிறுவினார். பின்னாளில், 1963-இல், டீலியா டெர்பிஷயர் என்னும் மற்றொரு பெண்மணி ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை மின்னொலியால் உருவாக்கிப் புகழ்பெறச் செய்தது இந்தப் பட்டறையிலேதான்.

ஆனால் நாடகங்களுக்கு வேண்டிய ஓசைகளைச் செய்து தருவதே பட்டறையின் கடமை என்று நிலையத்தார் கருதினர். தனி இசைக் கலையாக அது வளர வேண்டும் என்று ஓரம் அம்மையார் கருதினார். 1959-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாம் பாடுபட்டு அமைத்த பட்டறையை விட்டு அவரே வெளியேறினார். மாதச் சம்பளத்தையும் பெரிய நிலையத்தின் பெயரையும் துறந்து, கெண்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தமக்கென ஒரு கூடம் அமைத்தார்.

அங்கே உருவானதுதான் ‘ஓராமிக்ஸ்’ என்னும் பொறி. சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருள் பத்து, அதில் இணையாக ஓடும். அவற்றின்மீது அவர் மையால் கோடுகளும் புள்ளிகளும் இடுவார். சுருளின் ஒருபுறம் ஒளி பாயும்; மறுபுறம் உள்ள ஒளிமின்கலங்கள் அந்த ஒளியை உணரும். கோடு மறைக்கும் அளவுக்கேற்ப மின்னோட்டம் மாறும். அதற்கேற்ப ஒலியின் சுருதியும் வன்மையும் மாறும். ஒலி அலையின் வடிவத்தையும் கண்ணாடிச் சில்லில் வரைந்து கொடுக்கலாம். கட்டை கட்டையாக அழுத்தும் பியானோவில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவத்தான் முடியும். கமகம்போல வழுக்கிச் செல்ல இயலாது. கையால் இழுத்த கோட்டுக்கோ அத்தடை இல்லை. பொறி மனிதனை ஆளலாகாது, மனிதனின் கை நடுக்கமும் நெளிவும் பொறிக்குள் இறங்க வேண்டும் என்பதே அவர் கொண்ட கொள்கை. 1972-இல் வெளியான தம் நூலிலும் ஒலிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவையே அவர் ஆராய்ந்தார்.

2003-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். 2011-இல் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலை அவருடைய பொறியைப் பொதுமக்களுக்குக் காட்சியாக வைத்தது. ‘ஸ்டில் பாயிண்ட்’ 2016-இல் முதன்முதலாக மேடையேறியது. 2018-இல் ஆல்பர்ட் மண்டபத்தில், பி.பி.சி.யின் ‘பிராம்ஸ்’ இசைவிழாவிலேயே அது ஒலித்தது. மறுத்த நிலையமே 69 ஆண்டுகளுக்குப் பின் அதற்கு மேடை தந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆனால் எழுதியவர் மட்டும் கேட்கவில்லை.

மாணவர்களே, இதை வெற்றிக் கதை என்று சொல்லி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. காலம் கடந்த பாராட்டு நமக்கு ஆறுதல் தரலாம்; அவருக்கு அதனால் பயன் என்ன? உங்கள் வகுப்பிலே, ஆய்வுக்கூடத்திலே, பின் வரிசையில் அமர்ந்து புதுமையாக ஒன்றைச் சொல்பவர் இருப்பார். அது உடனே விளங்காமலும் போகலாம். விளங்கவில்லை என்பதற்காகவே அதை ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். சொல்பவர் நம்மிடையே இருக்கும்போதே செவி கொடுப்போம்.